தையலை மறைக்காத பொம்மைகள்

லூயிஸ் பூர்ஷ்வா (பேரைப் பார்த்துத் தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம், பிரான்சில் அது சாதாரணக் குடும்பப் பெயர்தான்) எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு காரியம் செய்தார். நியூயார்க்கில் தன் வீட்டில் சின்ன வயதிலிருந்து தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருந்த துணிகளையெல்லாம் பீரோவிலிருந்து இறக்கி நிறம் நிறமாகப் பிரித்து வைத்தார். கவுன், உள்பாவாடை, கோட்டு, துண்டு, மேஜை விரிப்பு என்று அத்தனையும். மரம், பளிங்கு, வெண்கலம், ரப்பர், பிளாஸ்டர் என்று எல்லாவற்றிலும் வேலை பார்த்து முடித்த சிற்பி அவர். 1982-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய அதுவரைக்குமான மொத்த வேலையையும் காட்சிக்கு வைத்துவிட்டது, 1993-ல் வெனிஸ் பியனாலே என்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் கலந்துகொண்டார், இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்கப்புறம் உட்கார்ந்து பழைய துணியில் பொம்மை தைக்க ஆரம்பித்தவர், 2010-ல் தொண்ணூற்றெட்டு வயதில் இறக்கும்வரை விடவே இல்லை.

பொம்மை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கலைக்கூடத்துக்காரர்கள் அந்தச் சொல்லைக் கிட்டவே சேர்க்க மாட்டார்கள், 'மென்சிற்பம்', 'துணி உருவம்' என்று சுற்றி வளைப்பார்கள். ஏதோ பொம்மை என்று சொல்லிவிட்டால் விலை குறைந்துவிடும் என்பது மாதிரி. நானும் துணி பொம்மை தைக்கிறவள், குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கிற மாதிரியானது, அதனால் பூர்ஷ்வா செய்ததைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது பொம்மைதான். ஒரு பொம்மைக்காரி கடைப்பிடிக்கிற விதிகளில் எதை எந்த இடத்தில் அந்த அம்மா மீறியிருக்கிறார் என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசியே.

அந்த விதிகளைச் சொல்லிவிடுகிறேன், தைக்காதவர்களுக்கு. துணியின் நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்கிற மாதிரி வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைத்து, ஒரு இரண்டு விரல் அளவு வாய் விட்டுவிட வேண்டும். வளைவு வருகிற இடங்களில், கழுத்து, அக்குள், கால் இடுக்கு இங்கெல்லாம், தையலுக்கு வெளியே விட்ட துணியில் நூல் வரைக்கும் போகாமல் குட்டிக் குட்டியாக வெட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரட்டின பிறகு அந்த இடம் இழுத்துக்கொண்டு சுருங்கும். அப்புறம் பென்சில் முனையை வைத்துப் பிரட்டி எடுத்து, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, வாயை உள்தையலால் மூட வேண்டும். நான் தையல் கற்றுக்கொண்ட இடத்தில் டீச்சர் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்க ஓட்டினார்: "நூல் வெளியே தெரிஞ்சா பிரிச்சுட்டு வாம்மா." ஆக, மொத்தத் திறமையும் மறைப்பதில்தான் இருக்கிறது. தைத்த மாதிரியே தெரியக் கூடாது, அப்படியே பிறந்த மாதிரி இருக்க வேண்டும்.

இதில் பெரிய தலைவலி கழுத்து. தலையில் பஞ்சு கெட்டியாக இருந்து கழுத்தில் லூசாக இருந்தால் தலை தொங்கிவிடும். கழுத்தில் கெட்டியாகத் திணித்தால் பொம்மை கழுத்து வீங்கின மாதிரி நிற்கும். இலவம்பஞ்சு நாளாக நாளாக அமுங்கும், பாலியஸ்டர் பஞ்சு எழும்பிக்கொண்டே இருக்கும், திருப்பூர் பனியன் வேஸ்ட்டைத் திணித்தால் கனம் வரும் ஆனால் வெளியே கட்டி கட்டியாகத் தெரியும். இதெல்லாம் கைக்குப் பழகுகிற கணக்கு, யாரும் எழுதி வைத்ததில்லை. சிற்பம் என்று ஏன் சொல்லலாம் என்றால் இதனால்தான் சொல்லலாம் என்பது என் கட்சி. கல்லில் வெளியிலிருந்து உள்ளே போகிறோம். களிமண்ணில் உள்ளேயிருந்து வெளியே வருகிறோம். துணியிலோ முதலில் தோல், அப்புறம்தான் சதை. தட்டையாக வெட்டின ஒரு துண்டு, உள்ளே போகிற பஞ்சின் அழுத்தத்தால் மட்டும் வயிறாகவும் தொடையாகவும் ஆகிறது. எந்த இடத்தில் புடைக்கும், எந்த இடத்தில் மடியும் என்பதைத் தட்டையாக இருக்கும்போதே கண்ணுக்குள் பார்த்துவிட வேண்டும்.

2022-ல் லண்டனில் ஹேவர்ட் கலைக்கூடத்தில் பூர்ஷ்வாவின் துணி வேலைகளை மட்டுமே வைத்து ஒரு கண்காட்சி போட்டார்கள். தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தலை, ஆள் தலை அளவு, சுவரில் தொங்கவிடுகிற சித்திர நெசவின், அதுதான் டேபிஸ்ட்ரி, அதன் பழைய துண்டுகளை ஒட்டுப் போட்டுச் செய்தது. ஒட்டு ஒவ்வொன்றும் வெளியே தெரிகிறது. நெற்றியைக் கடந்து ஒன்று, கன்னத்தில் இறங்கி ஒன்று. துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்து, நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்துத் தைத்த தையல். பிரட்டவே இல்லை, வெளிப்பக்கத்திலேயே தைத்து வெளிப்பக்கத்திலேயே முடிச்சுப் போட்ட வேலை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி. தங்கை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதில், "அக்கா, இது நீ தைக்கிறதைவிட மோசமா இருக்கே" என்றாள். நான் சிரித்துவிட்டேன், ஆனால் அவள் சொன்னதுதான் விஷயம். தைக்கத் தெரியாததால் அப்படி மோசமாக இருக்கவில்லை அது. இந்தப் பெண் தையல் வீட்டில் பிறந்தவர்.

நிஜமாகவே அப்படித்தான். 1911-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா அம்மாவுக்குத் தொழிலே பழைய டேபிஸ்ட்ரிகளை வாங்கிச் சரிசெய்து விற்பது. கடை பாரிஸில், பழுது பார்க்கிற பட்டறை புறநகரில், முதலில் ஷ்வாஸி-லெ-ருவாவில், பிறகு அந்தோனியில், பியேவ்ர் என்ற சின்ன ஆற்றின் கரையில். சாயம் போடுவதற்கு அந்த ஆற்றுத் தண்ணீர் தோதானது. பட்டறையை நடத்தியது அம்மா. சித்திர நெசவுகள் சுவரில் தொங்கித் தொங்கி, தரையில் உரசி, எப்போதும் கீழ்ப்பக்கம்தான் முதலில் நைந்து போகும், அதனால் படத்தில் இருக்கிற ராஜா ராணி குதிரை எல்லாவற்றுக்கும் பாதம் போய்விடும். காணாமல் போன பாதங்களை வரைந்து கொடுப்பது பூர்ஷ்வாவின் வேலை, பன்னிரண்டு வயது வாக்கில் ஆரம்பித்தது. காலும் பாதமும் வரைந்துதான் நான் வரையக் கற்றுக்கொண்டேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்வார், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அமெரிக்காவிலிருந்து வருகிற கூச்ச சுபாவமுள்ள வாடிக்கையாளர்களுக்காக, படத்தில் அம்மணமாகப் பறக்கிற குட்டித் தேவதைகளின் குறியை அம்மா பதமாக வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூவையோ பழத்தையோ நெய்து விடுவாராம். வெட்டி எடுத்ததையெல்லாம் பத்திரமாகச் சேர்த்தும் வைத்திருந்தாராம். இந்த வீட்டிலிருந்து வருகிற பெண் பின்னால் என்ன பொம்மை தைத்தால்தான் என்ன ஆச்சரியம்.

அந்த வீட்டில் வேறு கதையும் இருந்தது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த பெண் அப்பாவின் தொடுப்பாக அதே வீட்டில் வருஷக்கணக்கில் இருந்தார், அம்மா தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார், 1932-ல் இறந்தும் போனார். சாப்பாட்டு மேஜையில் அப்பா எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டே இருப்பாராம். பொறுக்க முடியாமல் சின்னப் பெண் ரொட்டியின் உள்பகுதியை எச்சில் தொட்டுப் பிசைந்து அப்பாவை ஒரு பொம்மையாகப் பிடித்து, கத்தியால் கையையும் காலையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். அதுதான் தன்னுடைய முதல் சிற்பம் என்று பூர்ஷ்வாவே சொல்லியிருக்கிறார். ஆக, ஆரம்பமே பொம்மைதான், நடுவில்தான் பளிங்கும் வெண்கலமும்.

ஊசியைப் பற்றி அவர் சொன்னது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்: ஊசி சேதத்தைச் சரிசெய்யத்தான் பயன்படுகிறது, அது மன்னிப்பைக் கோருவது, குண்டூசி மாதிரி குத்துவதற்கு அல்ல என்று. சொன்னவர் சொன்னபடி இருக்கட்டும், அவர் வேலைகளைப் பார்த்தால் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. 1997-ல் செய்த ஜோடி ஒன்று இருக்கிறது, கறுப்புத் துணியில், இரண்டுக்கும் தலை இல்லை, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது, பெண்ணின் ஒரு காலுக்கு நிஜமான செயற்கைக் கால் மாட்டியிருக்கிறார். 2001-ல் 'படுக்கையில் ஏழு பேர்' என்று ஒன்று, இளஞ்சிவப்புத் துணியில் ஏழு உடல்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே படுக்கையில். பாசமாகத் தெரியும். அப்புறம் தலைகளை எண்ணினால் ஏழுக்கு மேலே போகும், சிலதுக்கு முன்னால் ஒரு முகம் பின்னால் ஒரு முகம். மன்னிப்புக் கேட்கிற ஊசி இப்படியா தைக்கும்? சரிசெய்வதும் வம்பு பண்ணுவதும் ஒரே தையலில் நடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் கையால் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று, தொங்கவிடுவது. பொம்மையை உட்கார வைப்போம், படுக்க வைப்போம். அவர் ஒரே ஒரு கம்பியில் தொங்கவிடுகிறார். துணி உடம்பைத் தொங்கவிட்டால் பஞ்சு கீழே இறங்கும், இடுப்பு கனக்கும், தோள் ஒட்டும், அந்தக் கனம்தான் அந்த உருவத்துக்கு உணர்ச்சியைக் கொடுக்கிறது. ஒரே புள்ளியில் தொங்குவதால் ஆள் பக்கத்தில் போனால் லேசாகத் திரும்பவும் செய்யும். கழுத்து தொங்குகிறதே என்று நான் வருஷக்கணக்கில் சண்டை போடுகிற அதே விஷயத்தை இந்த அம்மா கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

டொரோத்தியா டானிங்கையும் சொல்லாமல் விட முடியாது. 1910-ல் இல்லினாயில் பிறந்தவர், ஓவியர், கனவையும் ஆழ்மனசையும் கலையாக்கின சர்ரியலிஸ்டுகளின் கூட்டத்தில் இருந்தவர், அறுபது வயதை நெருங்கும்போது, பாரிஸில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசனின் இசை நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது துணி உருவங்கள் மனசில் வந்துவிட்டன என்கிறார். சிங்கர் மிஷினை வைத்துக்கொண்டு கோட்டு தைக்கிற ட்வீட் துணியிலும் கம்பளியிலும் உடம்புகளைத் தைத்தார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒன்றில், படுத்திருக்கிற பெண்ணின் முதுகெலும்புக்கு டேபிள் டென்னிஸ் பந்துகளை உள்ளே வைத்திருக்கிறார். துணிக்கு மேலே அந்த முண்டு முண்டாகத் தெரிகிற வரிசையைப் பார்த்தால் நம் முதுகு கூசும். பந்தை உள்ளே வைத்தது சாமர்த்தியம், எத்தனை இடைவெளியில் வைத்தார் என்பதுதான் சிற்பம். 1970-க்கும் 73-க்கும் நடுவில் ஒரு ஹோட்டல் அறையையே கட்டி, சுவர்க் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உடம்புகள் வெளியே வருகிற மாதிரி செய்தார். அது இப்போது பாரிஸ் பாம்பிடூ மையத்திடம். இவர் தையலைக் காட்ட மாட்டார், சுத்தமான வேலை, அதனாலேயே பயமாக இருக்கும்.

கிரியர் லாங்க்டன் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும். 1958-ல் மிச்சிகனில் பிறந்த திருநங்கை, 1980-களில் நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜில் கடை ஜன்னலில் தன் பொம்மைகளை வைத்தவர், 1996-ல் முப்பத்தெட்டே வயதில் இறந்துபோனார். உள்ளே கம்பி எலும்புக்கூடு, மூட்டுகள் மடங்கும், மேலே தோல் மாதிரி வண்ணம் பூசின துணி, கண்ணாடிக் கண். பிரபலங்களையும் செய்தார், பெயரில்லாதவர்களையும் செய்தார், ஒட்டி உலர்ந்தவர்களையும் பருத்தவர்களையும் ஆணா பெண்ணா என்று கேட்டால் பதில் சொல்லாதவர்களையும் செய்தார். 'சிஸ்ஸி' என்று ஒரு பொம்மை, அதை வருஷக்கணக்கில் பிரித்துத் திரும்பத் திரும்ப வேறு உடம்பாக மாற்றிக்கொண்டே இருந்தார். பளிங்கில் இது நடக்குமா? ஒரு உளி தப்பினால் மூக்கு போனது போனதுதான். துணியில் நூலை உருவிவிட்டு மறுபடி உட்காரலாம், பழைய ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும். தன் உடம்பையே மாற்றிக்கொண்ட ஒருவர் இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டதில் காரணம் இருக்கிறது. இறப்பதற்குச் சற்று முன்னால் பிட்ஸ்பர்க்கில் மேட்ரஸ் ஃபேக்டரி அருங்காட்சியகத்தில் தன் வீட்டையே பொம்மைகளோடு அமைத்துக் காட்டினார், இப்போது அது அங்கே நிரந்தரமாக இருக்கிறது.

இன்னொருவர் மிஷேல் நெஜார். பிரெஞ்சுக்காரர், 1947-ல் பிறந்த யூதர், தையல்காரரின் மகன், அம்மா வழியில் பழந்துணி வியாபாரம். கந்தல்களை முறுக்கிக் கட்டிச் சேற்றிலும் சாயத்திலும் ஊறவைத்து எடுப்பார். அவர் பொம்மைகளைக் கையில் எடுக்க எனக்குத் தைரியம் வராது, அவ்வளவு செத்த முகங்கள். போரில் அவர் குடும்பம் இழந்த ஆட்களை நினைத்தால் அது புரியும்.

இப்போது என் ஆதங்கம் ஒன்று. யார் தைத்தார்கள் என்ற கேள்வி. அமெரிக்கச் சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க் 1962-ல் ஆளைவிடப் பெரிய அளவில் துணி பர்கரும் கேக்கும் ஐஸ்கிரீம் கோனும் செய்து தரையில் போட்டார், மென்சிற்பத்தின் வரலாறு என்றாலே அங்கேதான் தொடங்குவார்கள். மிஷினில் உட்கார்ந்து அந்த கான்வாஸை மிதித்துத் தைத்தவர் அப்போதைய மனைவி பாட்டி முகா. பெயர்ப்பலகையில் ஒரே பெயர். கான்வாஸை மிஷினில் தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நாலு மடிப்பு சேருகிற இடத்தில் ஊசி உடையும், துணியின் கனம் மிஷினையே இழுத்துக்கொண்டு போகும், அந்த இடத்தில் எப்படித் திருப்புவது என்பது ஐடியா கொடுத்தவருக்குத் தெரியாது. பூர்ஷ்வாவும் கடைசி வருஷங்களில் மெர்சிடீஸ் காட்ஸ் என்ற தையல்காரப் பெண்மணியின் கையை வைத்துக்கொண்டுதான் நிறைய செய்தார், அந்தப் பெயராவது புத்தகங்களில் வந்துவிட்டது.

இந்த விஷயத்தில் என் ஓட்டு அமெரிக்கக் கலைஞர் மைக் கெல்லிக்கு. அவர் ஒரு பொம்மைகூடத் தானாகச் செய்யவில்லை. பழைய சாமான் கடைகளிலிருந்து, யார் யாரோ வீட்டில் பின்னியும் தைத்தும் குழந்தைகளுக்குக் கொடுத்து, குழந்தைகள் வளர்ந்து தூக்கிப் போட்ட பொம்மைகளை வாங்கி வந்து ஒரு பெரிய கான்வாஸில் நெருக்கித் தைத்து நிரப்பினார், 1987-ல். தலைப்பு, 'திருப்பிக் கொடுத்துத் தீராத அன்பு நேரங்கள்' என்று வரும். இப்போது விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு குரங்கு பொம்மை பின்ன எத்தனை இரவு ஆகும், அந்தக் கடனைக் குழந்தை எதைக் கொண்டு அடைக்கும் என்று கேட்கிற தலைப்பு. பார்க்க வண்ணமயமாக, கலகலவென்று இருக்கும், ஆனால் அத்தனையும் யாரோ வேண்டாம் என்று சொன்னது. பெயர் தெரியாத கைகள் வரிசையாக நிற்கிற இடம் அது ஒன்றுதான் என் பார்வையில், கெல்லி அதற்குத் தன் கைவேலையை மேலே பூசாமல் விட்டது நல்ல புத்தி.

இங்கிலாந்துச் சிற்பி சாரா லூகாஸ் நைலான் காலுறைக்குள் பஞ்சைத் திணித்து முறுக்கி முடிச்சாகச் செய்து கான்கிரீட் கல்லில் உட்கார வைத்திருப்பதும் பிடிக்கும், சீக்கிரம் சொல்லிவிட்டுப் போகிறேன்: எங்கே முறுக்குகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அருங்காட்சியகங்களுக்கு இது ஒரு ரோதனை. கல்லை வைத்துவிட்டு மறந்துவிடலாம். துணிக்கு விளக்கை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவுக்குக் குறைக்க வேண்டும், அதனால்தான் இந்த மாதிரிக் கண்காட்சிகளில் எல்லாம் அரை இருட்டு. கம்பளி என்றால் அந்துப்பூச்சி. உள்ளே இருக்கிற பஞ்சும் ரப்பர் நுரையும் வெளித் துணிக்கு முன்னாலேயே மக்க ஆரம்பிக்கும், திறந்து மாற்றினால் பொம்மையின் வடிவம் மாறிவிடும், மாற்றாவிட்டால் தானாகவே மாறிவிடும். துணி ரொம்ப நாள் நிற்காது என்று டானிங்குக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தார். பூர்ஷ்வா கண்ணாடிப் பெட்டியையே வேலையின் பகுதியாக்கிக்கொண்டார், தூசிக்கும் ஆச்சு, பார்க்கிறவர் தொட முடியாமல் தவிப்பதற்கும் ஆச்சு.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: புதுத் துணி வாங்காதீர்கள், காடாத்துணியும் வேண்டாம். உடுத்தி உடுத்தி நைந்த சட்டையோ நைட்டியோ எடுங்கள், முழங்கை முட்டின இடம், அக்குள் வெளுத்த இடம் எல்லாம் வடிவத்துக்கு உதவும். பேப்பரில் மாதிரி வெட்டாமல் நேராகத் துணியில் கத்தரியை வையுங்கள். பிரட்டாதீர்கள், விளிம்பு வெளியேயே நிற்கட்டும், நூல் பிசிறினால் பிசிறட்டும். கண்ணும் மூக்கும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம். பஞ்சை முதல் தடவை கெட்டியாகத் திணித்து ஒன்று, பாதி திணித்து ஒன்று என்று ஒரே உருவத்தை இரண்டாகச் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆளே வேறாக இருப்பார். நூலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாட்டி காலத்து டப்பாவில் கிடக்கிற நூல்கண்டு பார்க்க அழகாக இருக்கும், இழுத்துத் தைக்கும்போது பட்டென்று அறும். புது பாலியஸ்டர் நூல், இரட்டையாகக் கோத்து, முடிச்சு வெளிப்பக்கம்.